கோட்டை தேடுவோருக்கு ஊவா காட்டுவது

பண்டாரவளையில் ரயிலை விட்டு இறங்கி, இந்தப் பக்கம் பழங்கோட்டை ஏதும் இருக்கிறதா என்று கேட்பவரை ஆட்டோக்காரர் பெரும்பாலும் அப்புத்தளைக்கு, அடிஷாம் மாளிகைக்குத்தான் கூட்டிப்போவார். தங்கமலைக் காட்டின் ஓரத்தில் கருங்கல் சுவரும் உயர்ந்த புகைபோக்கிகளுமாக அது நிற்கிறது. பார்த்தால் பல நூறு வருஷப் பழமை போலத் தோன்றும்; கட்டியது 1931இல். ஜோர்ஜ் ஸ்டுவர்ட் கம்பனியின் தலைவராக இருந்த சேர் தோமஸ் வில்லியர்ஸ், இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் தாம் பிறந்த ஊரின் பெயரை அதற்கு வைத்தார். அதே கென்டில் உள்ள லீட்ஸ் கோட்டையை மாதிரியாகக் கொண்டார். 1961 முதல் அது பெனடிக்டின் துறவியர் மடம். இதைவிடப் பழைய கட்டடம் பக்கத்திலேயே இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது: லிப்டன் 1890இல் கட்டிய தம்பேத்தன்ன தேயிலைத் தொழிற்சாலை. ஆக, ஊவாவில் கோட்டை என்று முதலில் காட்டப்படுவது கோட்டையுமல்ல, இடிபாடுமல்ல. போத்துக்கேயரும் ஆங்கிலேயரும் கண்டி மன்னர்களும் மாறிமாறிப் படை நடத்திய மாகாணம் இது. இங்கே இடிந்த மதில்கள் ஏன் இவ்வளவு குறைவு? ஊவாவின் இடிபாடு மதில்களில் இல்லை, நிலத்தில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் பதில். இயற்கைக் காட்சி என்று நாம் படம்பிடிக்கும் சரிவுகளில் பெரும்பகுதி, அழிந்துபோன ஒன்றின் மிச்சம். கல்லை மட்டும் சாட்சிக்கு அழைத்தால், கல்லில் கட்ட அனுமதி பெற்றிருந்தவர்களின் கதை மட்டுமே கிடைக்கும்.

கல் சாட்சி எவ்வளவு குறைவு என்பதற்கு ஹல்துமுல்லையே போதும். அப்புத்தளையிலிருந்து பெரகலை வழியாகப் பலாங்கொடைக்கு இறங்கும் வீதியில், போத்துக்கேயர் கோட்டை என்று வழங்கப்படும் கட்டுகொடெல்ல இடிபாடு இருக்கிறது. யாழ்ப்பாணத்தையோ காலியையோ மனதில் வைத்துக்கொண்டு போகிறவர் ஏமாந்துபோவார். ஒரு காவலரண் அளவுக்குமேல் அங்கே எதுவும் இல்லை. அதைக் கட்டியவர் போத்துக்கேயர்தானா, கண்டி அரசின் காவல்நிலையம் ஒன்றை அவர்கள் பிடித்துக்கொண்டார்களா என்றும் கேட்கலாம். ஆனால் அந்தக் கேள்விக்கு எந்த விடை வந்தாலும் இடத்தின் தருக்கம் மாறாது. தெற்குச் சமவெளியிலிருந்து மலையேறும் எவரையும் தொலைவிலேயே பார்த்துவிடக்கூடிய முனை அது. அங்கே பார்வைதான் ஆயுதம், சுவர் வெறும் துணை. 1630இல் நடந்ததை நினைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். போத்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா பெரும்படையோடு ஊவாவுக்குள் ஏறி வந்து பதுளையை எரித்தார். அவரை எந்த மதிலும் தடுக்கவில்லை. தடுக்கவேண்டிய அவசியமும் கண்டிப் படைக்கு இருக்கவில்லை. திரும்பிப் போகும் வழியில் வெல்லவாயவை அண்டிய ரந்தெனிவெலையில் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். அவருடைய உள்நாட்டு லஸ்கரின் படையினர் கட்சி மாறினார்கள். மழை துப்பாக்கி மருந்தை நனைத்தது. தளபதி அங்கேயே மாண்டார். உள்ளே விட்டு வெளியே விடாமல் செய்வதுதான் இந்த மலைகளின் போர்முறை. அப்படிப் போரிடுபவர் கோட்டை கட்டிப் பணத்தை வீணாக்கமாட்டார். கணவாய்களில் முள்வேலிக் கதவு போட்ட கடவத்தைகளும், வெட்டாமல் விட்ட காடும் போதுமாயிருந்தன. முள்வேலி ஒரு மழைக்காலத்தில் மக்கிப்போகும். ஊவாவின் மிகப் பெரிய அரண் அப்படித்தான் தடயமில்லாமல் போனது.

கல் இல்லாமைக்கு இன்னொரு காரணமும் உண்டு. அது போரைப் பற்றியதல்ல, அதிகாரத்தைப் பற்றியது. 1660 முதல் பத்தொன்பது வருஷம் கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்து தப்பிய ரொபர்ட் நொக்ஸ், குடிமக்கள் மாடி வைத்துக் கட்டவும் ஓடு வேயவும் சுவருக்குச் சுண்ணாம்பு பூசவும் அனுமதிக்கப்படவில்லை என்று எழுதிவைத்தார். கம்பும் களிமண்ணும் வைக்கோலும்தான் ஊர்மக்களின் கட்டடப் பொருள்கள். அரண்மனைக்கும் விகாரைக்கும் மட்டும் கல்லும் ஓடும். பண்டாரவளை-பதுளை வீதியில் தோவை குகை விகாரையில், பாறையில் செதுக்கத் தொடங்கி முடிக்காமல் விட்ட பெரிய புத்தர் சிலை இன்றும் நிற்கிறது. அதைச் செதுக்கியவர்கள் குடியிருந்த வீடுகளில் ஒன்றுகூட இல்லை. ஹாலிஎலப் பக்கம் போகொடையில் ஓடு வேய்ந்த மரப்பாலம் தப்பிப் பிழைத்திருப்பது வியப்புத்தான்; அதுவும் விகாரைக்குப் போகும் வழி என்பதால் ஊர் அதைக் கவனித்துக்கொண்டது. கல் எங்கே நிற்கிறதோ அங்கே வரலாறு இருந்தது, நிற்காத இடத்தில் ஒன்றுமில்லை என்று எண்ணுவது, அந்தக் காலத்து அரச கட்டளையை இன்றைக்கும் நாமே நிறைவேற்றுவது போலாகும்.

நிலத்தையே இடிபாடாகப் படிக்கவேண்டும் என்பதற்கு வலுவான ஆதாரம் 1818. முந்திய வருஷம் வெல்லஸ்ஸையில் ஆங்கிலேயருக்கு எதிராகத் தொடங்கிய கிளர்ச்சி ஊவா முழுவதும் பரவியது. அதை அடக்க அனுப்பப்பட்ட ஊவா திசாவை கெப்பெட்டிபொலவே கிளர்ச்சியாளர் பக்கம் சேர்ந்து தலைமை ஏற்றார். பரணகமைப் பக்கத்தில் ஒரு குன்றின்மேல் மேஜர் மக்டொனால்ட் சிறுபடையோடு நின்று அவருடைய ஆட்களைத் தாக்குப்பிடித்தார். அந்தக் குன்றுக்கு ஃபோர்ட் மக்டொனால்ட் என்றே பெயர் நிலைத்தது. ஆங்கிலேயர் வரைபடங்களில் அருகிலுள்ள ஓர் ஆறுகூட அந்தப் பெயரோடு இருக்கிறது. ஆனால் போரை முடித்தது குன்றுச் சண்டையல்ல. ஆங்கிலேயர் வீடுகளை எரித்து, நெல்லைப் பறித்து, கால்நடைகளைக் கொன்று, மக்கள் பட்டினியால் பணியும்வரை ஊர் ஊராக அழித்தார்கள். 1818 நவம்பர் இறுதியில் கெப்பெட்டிபொல கண்டியில் தலை வெட்டப்பட்டார். அடுத்த வருஷம் ஊவாவைச் சுற்றிவந்த இராணுவ மருத்துவர் ஜோன் டேவி, தமது 1821 நூலில், பாழடைந்த வீடுகளையும் பயிரில்லாத வயல்களையும் பற்றி எழுதினார். வென்ற பக்கத்து மனிதரின் சாட்சியம் என்பதால் அதற்குக் கூடுதல் எடை. களிமண் வீட்டின் இடிபாடு சில மழையில் மண்ணோடு மண்ணாகும். மிஞ்சுவது என்ன? உழவில்லாத வயலில் ஏறிய புதர், அணை உடைந்த குளத்தில் முளைத்த காடு, பிறகு வந்தவர்களுக்கு அழகாகத் தெரிந்த ஒரு வெறுமை. 1840இல் வந்த 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இந்த வெறுமைக்குச் சட்ட வடிவம் கொடுத்தது. காடு, தரிசு, ஆளில்லா நிலம், பயிரிடாத நிலம் ஆகியவை மாறாக நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியவை என்றது அது. இருபது வருஷத்துக்கு முன் தீ வைத்து வெறுமையாக்கிய கையே, வெறுமையாக இருப்பதைக் காரணங்காட்டி எடுத்துக்கொண்டது. பள்ளத்தாக்கின் அடிவயல்கள் பல ஊராரிடமே தங்கின என்பதையும் சொல்லவேண்டும். மேட்டு நிலந்தான் கைமாறியது. கோப்பிக்கு வேண்டியிருந்ததும் அந்த மேடுதான்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். ஊவாவின் வெட்டவெளி மனிதன் செய்ததல்ல. மானாப்புல் மூடிய பத்தனைகள் போருக்கு எத்தனையோ காலம் முன்பே இருந்தவை. தென்மேற்குப் பருவத்து ஈரத்தை மலை மறைத்துவிடுவதால் நடு வருஷத்தில் வரண்ட காற்று இறங்கி மரத்தை வளரவிடாது. இதில் வரலாற்றைத் தேடுவது வீண் என்பார்கள். பாதி சரி. அந்தக் காற்றுத்தான் யூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாத் தேயிலைக்கு உலகம் விலை கொடுக்கும் வாசனையைத் தருகிறது. அதை எந்தத் துரையும் உண்டாக்கவில்லை. ஆனால் 1890களின் இறுதியில் இலங்கைப் பத்தனைகளை ஆராய்ந்த தாவரவியலாளர் பியர்சன், காலநிலையோடு திரும்பத் திரும்ப மூட்டப்படும் தீயையும் சேர்த்தே கணக்கில் எடுத்தார். மேய்ச்சலுக்காகவும் சேனைக்காகவும் மனிதர் வைத்த தீ அது. எவ்வளவு காலமாக வைத்த தீ? பண்டாரவளைக் குன்றுகளின் மேல்மண்ணிலிருந்து படிகக்கல்லிலும் தீக்கல்லிலும் செய்த நகக்கண் அளவுக் கருவிகள் பெருந்தொகையாகக் கிடைத்திருக்கின்றன. ஹார்ட்லி 1913-14இல் அவற்றைப் பற்றி எழுதினார். 1940இல் நூன் என்ற குடும்பப்பெயர் கொண்ட இருவர் பண்டாரவளைக் கருவிகளுக்கென்றே தனி ஆய்வு வெளியிட்டார்கள். இரும்பும் நெல்லும் அறியாத வேட்டைக்காரர் செய்தவை அவை. அவர்கள் அடர்காட்டுக்குள் இல்லாமல் இந்தத் திறந்த மேடுகளைத் தேர்ந்தார்கள் என்பதே, இங்கே மனிதனும் புல்வெளியும் ஒன்றாக வாழ்ந்த காலம் மிக நீண்டது என்பதைக் காட்டுகிறது. ஆகவே மறுப்பு என் வாதத்தை உடைக்கவில்லை; அதன் வயதைத்தான் கூட்டுகிறது.

இன்னொரு வகை அழிவும் இந்தக் காட்சிக்குள் இருக்கிறது, அதிகம் பேசப்படுவதில்லை. பதுளையில் அரசாங்க அதிகாரியாக இருந்த மேஜர் ரொஜர்ஸ் ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று எமர்சன் டெனன்ட் எழுதிவைத்தார். 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி ரொஜர்ஸ் இறந்தார். பதுளை சென் மார்க்ஸ் தேவாலயத்தில் அவருக்கு நினைவுக் கல் இருக்கிறது. யானைகளுக்கு எதுவும் இல்லை. இன்று லிப்டன் சீற் என்ற மலைமுனையில் நின்று கீழே பார்ப்பவருக்கு யானையில்லாத மேடு இயல்பாகத்தான் தெரியும்.

அந்த லிப்டன் சீற்றையே எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 1,970 மீற்றர் உயரத்தில், தெற்கே சமவெளிவரை பார்வை ஓடும் அந்த முனையைச் சுற்றுலாப் புத்தகங்கள் இயற்கை எழில் என்ற தலைப்பில்தான் போடுகின்றன. அங்கிருந்து தெரிவதில் இயற்கை என்று சொல்லத்தக்கது வானமும் தூரத்துப் பாறையுந்தான். மிச்சமெல்லாம் வேலை. காட்டை வெட்டிக் கோப்பி போட்டார்கள். 1869இல் தென்பட்ட இலைத்துரு நோய் அடுத்த இருபது வருஷத்துக்குள் கோப்பியை முடித்தது. அதே சரிவில் தேயிலை வந்தது. கோப்பிக் காலத்தின் மிச்சமாக ஆங்காங்கே ஓடைக்கரைகளில் காட்டுச்செடி போல ஒரு கோப்பிச் செடி நிற்கும், அவ்வளவுதான். தேயிலை மலைக்குள் இறங்கி நடந்தால் இன்னொன்று கண்ணில் படும். நிரைக்கு நிரை சரிவுக்குக் குறுக்கே வெட்டிய கான்கள். மண் வழியாமல் அடுக்கிய கற்கட்டு. சாந்து கிடையாது, கல்லை உடைத்து, முகம் பார்த்து, ஒன்றுக்குள் ஒன்று பொருந்த அடுக்கியது. முழங்கால் உயரம்தான் இருக்கும். பாசியும் பன்னமும் மூடியிருக்கும். ஆனால் ஒரு மலையில் இருக்கும் கட்டுகளை நீளவாட்டில் ஒன்று சேர்த்தால் அடிஷாமின் சுவர்களெல்லாம் அதில் ஒரு மூலைக்கு வரும். இராமநாதபுரம், திருநெல்வேலி, திருச்சிச் சீமைகளிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழி நடந்து வந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் கட்டிய மதில் அது. ஊவாவில் மிகப் பெரிய கல்வேலை எது என்று கேட்டால் இதைத்தான் காட்டவேண்டும். எல்லப் பக்கத்து ஒன்பது வளைவுப் பாலத்தை வியக்கிறவர்கள், அதைக் கட்டிய உள்ளூர் மேஸ்திரி பற்றிய கதைகளையும் சேர்த்து வியக்கிறார்கள். கதை மெய்யோ பொய்யோ, கட்டடத்துக்கு ஒரு கை வேண்டும் என்று மக்கள் மனம் கேட்கிறது. கான் கட்டியவர்களுக்கு அந்தக் கதைகூட வாய்க்கவில்லை.

எது மிஞ்சுகிறது என்பதைப் பொருளே தீர்மானிக்கிறது என்பதற்குத் தியத்தலாவை இன்னொரு சாட்சி. 1900இல் தென்னாபிரிக்கப் போரில் பிடிபட்ட போயர் கைதிகளை அங்கே கொண்டுவந்து அடைத்தார்கள். ஏறத்தாழ ஐயாயிரம் பேர். அந்தக் காலத்துப் பண்டாரவளையைவிடப் பெரிய ஊர் என்றே சொல்லலாம். தகரக் கொட்டகைகளில் வாழ்ந்தார்கள், பொம்மையும் கைத்தடியும் செதுக்கினார்கள், நூற்றுக்கு மேற்பட்டோர் அங்கேயே இறந்தார்கள். போர் முடிந்ததும் தகரம் கழன்றது. கைதிகள் ஊர் போனார்கள். முடிக்கு விசுவாசம் சொல்ல மறுத்த ஏங்கல்பிரெக்ட் என்ற ஒருவர் இங்கேயே தங்கி, பிறகு யாலை வனவிலங்குக் காவலரானார். இன்று அந்த ஊருக்கு அடையாளம் இறந்தோர் நினைவுச்சின்னம் மட்டும். ஐயாயிரம் பேர் இரண்டு வருஷம் வாழ்ந்த இடமே இப்படியென்றால், தலைமுறை தலைமுறையாகத் தோட்டங்களில் வாழ்ந்தவர்களின் தடம் மட்டும் தானாகத் தப்புமா?

தப்பாது, தப்பவைக்கச் சட்டமும் தானாக உதவாது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2க்கு முற்பட்டதையே புராதனச் சின்னம் என்று வரையறுக்கிறது. கண்டி ஒப்பந்தம் கையெழுத்தான நாள் அது. இந்தக் கோட்டின்படி ஹல்துமுல்லைக் காவலரண் உள்ளே. ஃபோர்ட் மக்டொனால்ட் மூன்று வருஷத்தால் வெளியே. கோப்பி ஸ்டோர், தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பான லயம், தோட்டத்து மாரியம்மன் கோயில் எல்லாம் வெளியே. பிற்காலத்தவற்றையும் வர்த்தமானி அறிவித்தலால் பாதுகாக்க இடமுண்டு என்பது உண்மைதான். ஆனால் ஒன்று தானாகக் காக்கப்படுவதற்கும், யாரோ ஒருவர் வேண்டிக் கேட்டால் மட்டும் காக்கப்படுவதற்கும் உள்ள தூரம் பெரிது. தோட்டங்களுக்கு வந்தவர்களின் வழிவந்த மலையகத் தமிழரின் முழு வரலாறும் அந்தத் தூரத்துக்குள் அடங்கிவிடுகிறது. ஒரு சமூகத்தின் கட்டடம் ஒன்றுகூட இயல்பாகச் சின்னமாக முடியாத வகையில் ஒரு திகதி விழுந்திருப்பது திட்டமிட்ட செயலென்று நான் சொல்லவில்லை, விளைவு ஒன்றுதான்.

லயம் இடிபாடா, ஆட்கள் குடியிருக்கும் இடமல்லவா என்று கேட்கலாம். இதுதான் எல்லா மறுப்பிலும் கனமானது. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, புகை படிந்து கறுத்த அடுப்பங்கரைச் சுவர், காற்றுக்குப் பறக்காமல் கல் ஏற்றிவைத்த தகரக்கூரை: இதற்குள் இன்றும் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களுக்குக் காணியும் தனி வீடும் வேண்டும். லயத்தைப் பாரம்பரியம் என்று கொண்டாடச் சொல்வது கொடுமை. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எல்லா லயத்திலும் ஆளில்லை. 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு ஒதுக்கியது. போனவர்களில் பலர் நீலகிரியில் இன்னொரு தேயிலை மலைக்கே வேலைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அவர்கள் விட்டுப்போன காம்பராக்களில் சில வேறு குடும்பத்துக்கு வந்தன, சில மண்ணாகின. அப்படி மண்ணான லயத்தைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. தேயிலைக்கு நடுவே காரணமில்லாமல் ஒரு முருங்கையோ பலாவோ நிற்கும். பீலி ஒன்று யாருக்குமில்லாமல் ஊற்றிக்கொண்டிருக்கும். மரத்தடியில் துருவேறிய சூலம் இருக்கும். காலால் புல்லை விலக்கினால் அடித்தளக் கல் வரிசை தெரியும். ஹல்துமுல்லையில் இருக்கும் கல்லைவிட அது குறைவில்லை.

கொஸ்லந்தை மீரியபெத்தையில் அந்த வரிசைகூட இல்லை. 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்தச் சரிவு ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் முன்பே எச்சரித்திருந்தது. மக்களை நகர்த்தும் வேலை நடக்கவில்லை. மரம் வெட்டி, மண் கிளறி, தண்ணீர் போகும் வழி மாற்றிய நூற்றைம்பது வருஷமும், ஆபத்தான சரிவிலேயே குடியிருக்க வைத்த நிர்வாகமும் சேர்ந்து அந்தக் காலையைத் தயாரித்தன. பெருமழையை மட்டும் குற்றவாளியாக்குவது, பத்தனையைக் காற்று மட்டுமே செய்தது என்று சொல்வதற்கு ஒப்பானது. இன்று அந்தச் சரிவில் பச்சை ஏறிவிட்டது. வரலாறு தெரியாமல் அவ்வழியே போகிறவர் அதையும் நல்ல காட்சி என்றே படமெடுப்பார்.

எல்லா நிலமும் எவரோ ஒருவரின் உழைப்பிலும் அழிவிலும் உருவானதுதானே, எல்லாவற்றையும் இடிபாடு என்றால் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் மிஞ்சும் என்பது கடைசி எதிர்க்கேள்வி. எல்லாவற்றையும் அப்படிச் சொல்லவேண்டியதில்லை. எங்கே வாழ்ந்தவர்களுக்கு நிலைத்து நிற்கும் பொருளில் கட்ட உரிமை இருக்கவில்லையோ, எங்கே அவர்கள் போனபின் அந்த இடம் இயற்கை என்று பெயர் மாறி விற்கப்படுகிறதோ, அங்கே மட்டும் சொன்னால் போதும். ஊவா இரண்டுக்கும் பொருந்துகிறது. இதற்குச் செய்யக்கூடியது லயங்களை அப்படியே வைத்துப் பூட்டுவதல்ல. கம்பளைக்கு அருகே பழைய லயமொன்று தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக இயங்குகிறது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றிலிருந்து மக்களை விடுவிக்கலாம் என்பதற்கு அது சான்று. மிச்ச லயங்களை இடித்துப் புது வீடு கட்டட்டும். இடிக்கும் முன் அளந்து, படமெடுத்து, யார் யார் எந்தக் காம்பராவில் இருந்தார்கள் என்று எழுதிவைத்தால் போதும். அதோடு மலைகளின் பெயர்களையும் கேட்டுவைக்கவேண்டும்: கணக்கப்பிள்ளையின் புத்தகத்தில் வெறும் இலக்கமாக இருக்கும் மலைக்குக் கொழுந்தெடுத்தவர்கள் வாயில் ஒரு பெயர் இருக்கும், தோட்டத்து வரைபடத்தில் அது இருக்காது. புது வீடுகள் பெரும்பாலும் வேறு சரிவில் எழுகின்றன, குடும்பங்கள் பிரிந்து போகின்றன, ஓய்வுபெற்றவர்கள் வயதாகிறார்கள். ஆகவே இந்த வேலைக்கு நாள் குறிப்பது தொல்பொருள் திணைக்களமல்ல, வீடமைப்புத் திட்டத்தின் ஒப்பந்தக்காரர்.